லைஃப் கோச்சுக்கு 1,00,300 ரூபாய்: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் 14 ஆண்டுகள் மெர்ச்சண்டைசராக வேலை பார்த்தவள் நான். வெளிநாட்டு பையர் அனுப்பும் தாளில் ஒரு பொத்தானின் அளவு விடுபட்டிருந்தாலும் உடனே மின்னஞ்சல் அனுப்பி உறுதி வாங்குவதும், எழுத்தில் வராத எதையும் நம்பாதீர்கள் என்று புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் என் அன்றாட வேலை. அப்படிப்பட்ட நான்தான் சென்ற ஆண்டு ஒரு லைஃப் கோச்சின், அதாவது வாழ்க்கைப் பயிற்சியாளரின், நிறுவனத்துக்கு 1,00,300 ரூபாயை, என்ன தருவார்கள் என்பதை ஒரு வரிகூட எழுதி வாங்காமல் கொடுத்தேன்.

அப்பா இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வீட்டைப் பிரிப்பதில் தம்பிக்கும் எனக்கும் பேச்சு நின்றிருந்தது. வேலையை விடலாமா, இருக்கலாமா என்று தெரியவில்லை. இரவு 3 மணிக்கு விழித்தால் பிறகு தூக்கம் வருவதில்லை. அந்த நேரத்தில் கைப்பேசியைப் புரட்டிக்கொண்டிருந்தபோது வந்ததுதான் அந்தக் கோச்சின் 99 ரூபாய் ஜூம் வகுப்பு விளம்பரம். இரண்டு மணி நேர வகுப்பு நன்றாகத்தான் இருந்தது. முடிவில், தனிப்பட்ட முறையில் பேச இலவசமாக ஓர் அழைப்பு உண்டு என்றார்கள்.

மறுநாள் இரவு 9.40 மணிக்கு ஓர் இளைஞர் பேசினார். உங்களைத் தடுத்து நிறுத்துவது எது என்று கேட்டார். நானும் அப்பாவின் மரணம், வீடு, தம்பி, தூக்கமின்மை என்று முக்கால் மணி நேரம் கொட்டித் தீர்த்தேன். யாரும் அவ்வளவு பொறுமையாகக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. எல்லாம் கேட்டுவிட்டு, 12 வாரங்களுக்கு 12 தனி அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், கோச்சே நேரடியாக நடத்துவார், கட்டணம் ஒன்றேகால் லட்சம், இன்று இரவு 12 மணிக்குள் சேர்ந்தால் 85,000 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும் மட்டுமே என்றார். பிடிக்காவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டேன். "சந்தேகத்தோட ஆரம்பிச்சா மாற்றம் வராதுங்க மேடம்" என்றார். கேள்விக்கு அது பதில் இல்லை என்பதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கையில் அவ்வளவு பணம் இல்லை என்றதும், வட்டியில்லாத் தவணை என்று ஓர் இணைப்பை அனுப்பினார். ஆதார், பான், ஒரு செல்ஃபி, ஓர் ஓடிபி. பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. கோச்சுக்கு மாதாமாதம் 8,359 ரூபாய் கட்டுகிறோம், நிறுத்த நினைத்தால் நிறுத்திவிடலாம் என்று எண்ணியிருந்தேன். நடந்தது வேறு. என் பெயரில் ஒரு வங்கிசாரா நிதி நிறுவனம் கடன் கொடுத்து, அந்தத் தொகையை ஒரே தடவையில் அவர்களிடம் சேர்த்துவிட்டது. அவர்கள் அமர்வு நடத்தினாலும் நடத்தாவிட்டாலும் 12 தவணைகளையும் நான் கட்டியாக வேண்டும். ஒன்று தவறினாலும் அடிபடுவது என் சிபில் மதிப்பெண். இப்படிச் செயலி வழியாக வாங்கும் கடனுக்கு, மனம் மாறினால் அபராதமின்றி அசலையும் இடைப்பட்ட நாட்களுக்கான வட்டியையும் கட்டி வெளியேற ஓர் அவகாசம் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022 முதலே விதித்திருக்கிறது. அந்த அவகாசம் எத்தனை நாள் என்பது கடனுடன் வரும் முக்கிய விவர அறிக்கையிலேயே இருக்கும். எனக்கும் அது மின்னஞ்சலில் வந்திருந்தது. திறந்து பார்த்தபோது நான்கு மாதம் கடந்திருந்தது.

முதல் அமர்வு நன்றாக இருந்தது என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கோச்சான அந்த அம்மாள் குறைவாகப் பேசினார், நிறையக் கேட்டார், நான் பதில் தேடும் நேரத்தில் அமைதியாகக் காத்திருந்தார். இரண்டாவது அமர்வில் ஓடும் காரின் பின் இருக்கையிலிருந்து பேசினார், என்னை வேறொரு பெண்ணின் பெயர் சொல்லி அழைத்து, "மாமியார் விஷயம் எப்படிப் போகிறது?" என்று கேட்டார். என் மாமியார் காலமாகி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. மூன்றாவது அமர்வில் நுழைந்தால் திரையில் எழுபது முகங்கள். இதுவும் உங்கள் 12 அமர்வுகளில் ஒன்றுதான் என்றார்கள். நான்காவதிலிருந்து ஒரு துணைப் பயிற்சியாளர் வருவார் என்றார்கள். வந்தவர் வேறு யாருமில்லை, 9.40 மணிக்கு எனக்கு இதை விற்ற அதே இளைஞர்.

இந்தத் துறையைப் பற்றி நான் படித்ததெல்லாம் இதற்குப் பிறகுதான். கோச் என்பவர் அறிவுரை சொல்பவர் அல்லர்; உளவள ஆலோசகரும் அல்லர்; மருத்துவர் நிச்சயமாக அல்லர். எதை அடைய நினைக்கிறோம், இப்போது எங்கே நிற்கிறோம், என்னென்ன வழிகள் உள்ளன, அவற்றில் எதை எப்போது செய்யப்போகிறோம் என்று கேள்விகளால் நம்மையே யோசிக்க வைத்து, ஒப்புக்கொண்டதைச் செய்தோமா என்று அடுத்த முறை கேட்பவர், அவ்வளவே. ஒழுங்காகச் செய்பவர்கள் தொடங்கும் முன்பே இலக்கு, அமர்வுகளின் எண்ணிக்கை, நடத்துபவர் யார், கட்டணம், இடையில் நிறுத்தும் விதம், இரகசியக் காப்பு எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கிறார்கள். என்னிடம் இருந்தது ஒரு பணரசீதும், தங்க நிறத்தில் "வாழ்த்துகள், நீங்கள் உங்களையே தேர்ந்தெடுத்துவிட்டீர்கள்" என்று எழுதிய ஒரு படமும்.

இந்தியாவில் லைஃப் கோச் என்று பலகை மாட்டுவதற்கு எந்த அரசு உரிமமும் தேவையில்லை. மருத்துவ உளவியலாளர் என்றால் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபார்க்கலாம். கோச்சுக்கு அப்படி எதுவும் இல்லை. 1995-இல் தொடங்கப்பட்ட ஐ.சி.எஃப். (இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன்) என்ற சர்வதேச அமைப்பு தரும் சான்றுகளைத்தான் துறைக்குள் பெரும்பாலும் மதிக்கிறார்கள். (ஐ.சி.எஃப்., கோச் என்று சேர்த்துச் சொன்னால் நம் ஊரில் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலைதான் நினைவுக்கு வரும். அங்கே செய்யும் கோச்சையாவது ஆய்வு செய்யாமல் தண்டவாளத்தில் ஏற்ற மாட்டார்கள்.) அதன் முதல்நிலைச் சான்றான ஏ.சி.சி.க்கு 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேர அனுபவமும் வேண்டும். அடுத்த நிலையான பி.சி.சி.க்கு 125 மணி நேரப் பயிற்சியும் 500 மணி நேர அனுபவமும் வேண்டும். சான்று பெற்றவரின் பெயரை அந்த அமைப்பின் இணையதளத்திலேயே தேடிப் பார்க்கலாம். நான் தேடினேன், பெயர் இல்லை. "சர்வதேசச் சான்று பெற்றவர்" என்று விளம்பரத்தில் இருந்தது ஒரு வார இறுதியில் முடிந்த இரண்டு நாள் வகுப்பின் சான்றிதழ். சான்று இருப்பவரெல்லாம் நல்லவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சான்று பெற்றவர் தவறு செய்தால் அந்த அமைப்பிடம் ஒழுக்க விதிமீறல் புகாராவது கொடுக்கலாம். எனக்கு அந்த வாசலும் இல்லை.

பணத்தைவிட என்னை அதிகம் புண்படுத்தியது வேறொன்று. ஐந்தாவது வாரத்தில் தம்பி, பல மாத மௌனத்தைக் கலைத்துக்கொண்டு அழைத்தான். "ஏனக்கா, நம்ம வீட்டுச் சண்டைய ஊருக்கே சொல்லிட்டியா?" என்றான். கோச்சின் இன்ஸ்டாகிராம் ரீல் ஒன்றை யாரோ அவனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். "என்னிடம் வந்த ஒரு பெண், தன் தந்தையின் கிழிந்துபோன ஈசி சேருக்காகத் தம்பியோடு சண்டையிட்டுக்கொண்டிருந்தார்" என்று அதில் அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே சொல்கிறார். பெயர் இல்லைதான். ஆனால் அந்தச் சேரின் நீலக் கித்தானை அம்மா பச்சை நூலால் தைத்திருந்ததுவரை சொன்னால் எங்கள் சொந்தக்காரர்களுக்குப் பெயர் எதற்கு? ரீலை நீக்கச் சொல்லி மூன்று முறை எழுதினேன். உங்கள் கதை பலருக்கு ஊக்கமளிக்கிறது என்று பதில் வந்தது.

தூக்கமின்மைக்கு அவர்கள் சொன்ன மருந்து, 4.30 மணிக்கு எழுந்து குளிர்ந்த நீரில் குளித்து, நன்றிக் குறிப்பு எழுதுவது. மூன்று மணிக்கே விழித்துக்கிடப்பவளுக்கு 4.30 மணிக்கு எழுவது என்ன பெரிய காரியம்? மருத்துவரைப் பார்க்கலாமா என்று கேட்டபோது, மாத்திரை உங்கள் உள்சக்தியை மழுங்கடித்துவிடும் என்றார் அந்த இளைஞர். இரண்டு மாதம் வீணானது. கடைசியில் என் கணவர்தான் குடும்ப மருத்துவரிடம் அழைத்துப் போனார்; அங்கிருந்து மனநல மருத்துவரிடம் அனுப்பப்பட்டு, மனச்சோர்வு என்று தெரிந்து, முறையான சிகிச்சை தொடங்கியது. துக்கமும் தூக்கமின்மையும் வாரக்கணக்கில் நீடிக்கும் ஒருவரைப் பார்த்தவுடன், இது என் எல்லைக்குள் வராது, மருத்துவரைப் பாருங்கள் என்று சொல்வதுதான் நல்ல கோச்சின் முதல் கடமை. கோச்சுக்குப் பணம் கட்டும் முன், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ஐ இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசிப் பாருங்கள் என்பதே இதே நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அப்போது வந்த பதிலைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். பணம் கேட்பது என் "பற்றாக்குறை மனநிலை"யைக் காட்டுகிறதாம். பாதியில் விலகுவது அப்பாவின் இழப்பை எதிர்கொள்ள மறுக்கும் அதே பழக்கமாம். விற்பனை அழைப்பில் நான் அழுதுகொண்டே சொன்னதை எடுத்து என் வாயை அடைத்தார்கள். சேவையில் குறை சொன்னால் அது நம் குறையாகிவிடும் இந்த ஏற்பாட்டில், எந்தக் கேள்வி கேட்டாலும் அதுவே நமக்கு இன்னும் ஆறு அமர்வுகள் தேவை என்பதற்குச் சான்றாகிவிடுகிறது. துணி தரமில்லை என்று திருப்பி அனுப்பும் பையரிடம், உங்கள் பார்வையில்தான் கோளாறு என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

"கட்டணம் திருப்பித் தரப்படாது" என்று ரசீதின் அடியில் அச்சிட்டிருந்தார்கள். அதைப் பார்த்து ஓய்ந்துவிடாதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறைபாடுள்ள சேவைக்கான பணத்தைத் திருப்பித் தர மறுப்பதையும் முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகவே சொல்கிறது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்தேன். பத்து நாளில் கோச்சின் நிறுவனத்திடமிருந்து 20,000 ரூபாய் தருகிறோம் என்று அழைப்பு வந்தது; இதுபற்றி எங்கும் பேசமாட்டேன் என்று எழுதித் தர வேண்டும் என்பது நிபந்தனை. மறுத்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். வழக்குக்குக் காரணமான நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. அதுவரை தவணையை நிறுத்தவில்லை. என் கணவர் இதுவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அந்த மௌனத்துக்கும் தனியாக ஒரு தவணை ஓடிக்கொண்டிருக்கிறது.

மனு எழுத உட்கார்ந்தபோது ஒரு சிக்கல் தெரிந்தது. எந்த அமர்வு எந்த நாளில் நடந்தது, எத்தனை நிமிடம், நடத்தியவர் யார் என்ற விவரமெல்லாம் அவர்களுடைய பயிற்சித் தளத்தில் மட்டுமே இருந்தன. பணம் கேட்ட மறுநாளே என் கணக்கை முடக்கிவிட்டார்கள். இப்போது என்னிடம் மிச்சமிருப்பவை வாட்ஸ்அப் செய்திகளும், கடன் விவர அறிக்கையும், எழுபது முகங்கள் தெரியும் ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட்டும்தான். ஆகவே நீங்கள் ஏற்கெனவே எங்காவது பணம் கட்டி இழுபறியில் இருந்தால், அவர்களிடம் வாய் திறக்கும் முன் இன்றிரவே உள்ளே நுழைந்து ஒவ்வொரு பக்கத்தையும் தேதி தெரியும்படி படமெடுத்து வைத்துவிடுங்கள்.