அடிபட்ட மானைத் தேட எது கைகொடுக்கும்: தெர்மல் கேமராவா, ரத்தத் தடமா?

வேட்டைக்கு அனுமதி இருக்கிற நாடுகளில் பேச்செல்லாம் துப்பாக்கி, தோட்டா, குறி என்றே ஓடும். சுட்ட பிறகு வரும் சில மணி நேரத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நெஞ்சில் சரியாகப் பட்ட மான்கூடப் பெரும்பாலும் நின்ற இடத்தில் சாயாது, கொஞ்ச தூரம் பாய்ந்து ஓடித்தான் விழும். குடலில் பட்டிருந்தால் கிலோமீட்டர் கணக்கில்கூடப் போய்விடும். தேடி எடுக்காமல் விட்டால் அது எங்கோ புதருக்குள் துடித்துச் சாகும், கறியும் பாழ்.

இந்தத் தேடலில் இப்போது இரண்டு கட்சி. சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் கேமராவைக் கையில் எடுத்தால் போதும், மண்ணைப் பார்த்து நடந்த காலம் போயிற்று என்பது ஒன்று. அது சோம்பேறிகளின் பொம்மை, ரத்தத் தடம் பார்க்கத் தெரியாதவன் வேட்டைக்கே வரக்கூடாது என்பது இன்னொன்று. இரண்டுமே பாதி உண்மைதான். மான் இப்போது எங்கே கிடக்கிறது என்பதைத் தெர்மல் காட்டும். அதற்கு என்ன ஆயிற்று, எப்போது பின்னால் போகலாம் என்பதைத் தடம்தான் சொல்லும். இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் முதல் கேள்விக்கு ஓடுவதில்தான் வினை.

முதலில் கருவி. தெர்மல் கேமரா ஒளியைப் பார்ப்பதில்லை. 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான அகச்சிவப்புக் கதிர்களை வாங்கி, பொருளின் மேற்பரப்பு எவ்வளவு சூடு என்று மட்டும் காட்டுகிறது. மேற்பரப்பு என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். சாதாரண ஜன்னல் கண்ணாடிகூட அதற்குச் சுவர் மாதிரி. அப்படியிருக்க, அடர்ந்த புதருக்குப் பின்னால் கிடக்கும் மானை அது ஊடுருவிக் காட்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இலைகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால் அதன் வழியே சூட்டைக் குறிக்கும் ஒரு வெள்ளைக் கீற்று தெரியும், அவ்வளவுதான். மழையும் மூடுபனியும் அந்தக் கீற்றையும் மங்கடித்துவிடும்.

மானின் உடலுக்குள் ஏறக்குறைய 38, 39 டிகிரி செல்சியஸ் இருந்தாலும் குளிர்கால ரோமம் அந்தச் சூட்டை வெளியே விடாது. உயிரோடு நிற்கும் மான்கூட முதுகில் மங்கலாகவும், கண், காதின் உட்புறம், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் பளிச்சென்றும் தெரியும். செத்த பிறகு முதலில் காதும் கால்களும் அணையும். வயிற்றுப் பகுதிதான் கடைசி வரை நிற்கும். குளிர்ந்த இரவில் திறந்த வயலில் கிடக்கும் பெரிய மான் பல மணி நேரம் திரையில் தெரியும். கோடை மாலையில் கதையே வேறு: தரையும் மானும் ஒரே சூட்டில் இருக்கும், பகலெல்லாம் வெயில் குடித்த பாறையும் மரக்கட்டையும் மானைவிட நன்றாக ஒளிரும்.

விளம்பரத்தில் போடும் தூரத்தையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். இரவுப் பார்வைக் கருவிகளுக்கான அளவுகோலை 1958இல் அமெரிக்க ராணுவ ஆய்வாளர் ஜான் ஜான்சன் வகுத்தார். அதன்படி ஒரு பொருள் திரையில் ஏறக்குறைய இரண்டு பிக்சல் அகலம் வந்தாலே ‘கண்டறிந்ததாக’ கணக்கு. அது என்ன பொருள் என்று அடையாளம் சொல்ல அதைப்போல ஆறு மடங்கு வேண்டும். ஆயிரத்து எண்ணூறு மீட்டர் என்று அட்டையில் போட்டிருந்தால், அந்தத் தூரத்தில் நிற்கும் ஆள் ஒரு புள்ளியாகத் தெரிவார் என்றுதான் அர்த்தம். புல்லுக்குள் பாதி மறைந்து படுத்திருக்கும் மானுக்கு அந்த எண் பொருந்தாது. ரத்தச் சொட்டு தெர்மலில் மின்னும் என்பதும் இந்த ரகம்தான். மின்னும், விழுந்த கையோடு பார்த்தால். சிறு சொட்டு சட்டென்று ஆறி இலையின் சூட்டுக்கே வந்துவிடும்.

இப்போது மண்ணைப் பார்க்கிற முறை. இதன் உயிர்நாடி, குண்டு பட்டபோது மான் நின்ற இடம். அங்கே மண்டியிட்டுப் பார்த்தால் தோட்டா வெட்டிய ரோமம் கிடக்கும். வெளுத்த ரோமம் என்றால் அடி வயிற்றுப் பக்கம். ரத்தம் இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் நுரையீரல். கருஞ்சிவப்பு என்றால் ஈரலாக இருக்கலாம், தசையாகவும் இருக்கலாம், உடனே முடிவுகட்டக் கூடாது. பச்சையும் பழுப்புமாக, அரைத்த தழையோடு, மூக்கைத் துளைக்கும் நாற்றம் என்றால் குடல், சந்தேகமே வேண்டாம். புல் தண்டில் முழங்கால் உயரத்தில் இரண்டு பக்கமும் பூசியிருந்தால் தோட்டா ஊடுருவி வெளியே போயிருக்கிறது. ஓடுகிற மானிலிருந்து தெறித்த சொட்டின் சிதறல் போன திசையைக் காட்டும். கடைசியாகப் பார்த்த சொட்டின் பக்கத்தில் ஒரு டிஷ்யூ காகிதத் துண்டை வைத்துவிட்டு நகர்வது பழைய வழக்கம். சிறிது தூரம் போய்த் திரும்பினால் வெள்ளைத் துண்டுகள் வரிசையாக நின்று மான் போகிற போக்கைக் காட்டிவிடும். இலைமேல் இருப்பது ரத்தமா, இலையின் சொந்தப் புள்ளியா என்று குழப்பமா? ஹைட்ரஜன் பெராக்சைடு தெளித்தால் ரத்தம் நுரைக்கும்.

ஒரு விஷயம் இடையில். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாத குறைபாடு ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 12 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பச்சைப் புல்லில் ரத்தம் அவர்கள் கண்ணுக்கு எளிதில் தட்டுப்படாது. ‘கண்ணைத் திறந்து பார்’ என்று அவர்களிடம் சொல்வதில் பயனில்லை. அவர்களுக்குத் தெர்மலைப் பொம்மை என்று நான் சொல்லமாட்டேன்.

அடியின் தன்மை தெரிந்தால்தான் காத்திருப்பு தெரியும். நுரையீரல் என்றால் அரைமணி, ஈரல் என்றால் நான்கு மணி நேரமாவது, குடல் என்றால் எட்டு முதல் பன்னிரண்டு மணி என்பது வேட்டைக்காரர்களின் பொதுக் கணக்கு. குடலில் அடிபட்ட மான் வழக்கமாகப் பக்கத்துப் புதரில் போய்ப் படுத்துக்கொள்ளும். அவசரப்பட்டு எழுப்பினால் ரத்தமே சிந்தாமல் அடுத்த காட்டுக்குப் போய்விடும்.

‘அவ்வளவு நேரம் காத்திருந்தால் உடல் ஆறிவிடும், தெர்மல் எதற்கு?’ என்று தடக்காரர்கள் மடக்குவார்கள். இதில் ஓட்டை இருக்கிறது. உடல் ஆறத் தொடங்குவது சாவிலிருந்து, சுட்ட நொடியிலிருந்து அல்ல. குடலில் பட்ட மான் காத்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதி உயிரோடு, சூடாகத்தான் இருக்கும். நுரையீரலில் பட்டது உடனே செத்து ஆறத் தொடங்கும், ஆனால் அதன் தடத்தைச் சின்னப் பையன்கூடப் பிடித்துவிடுவான். ஆக, தடம் எங்கே வறண்டு போகிறதோ அங்கேதான் தெர்மல் அதிக நேரம் வேலை செய்கிறது. தூரத்தில் நின்றபடி மானை எழுப்பாமல் அது படுத்திருக்கிறதா என்று பார்க்க முடிவது, கருவி தரும் ஆகப்பெரிய உதவி என்பேன். பார்த்த பிறகு கால் சும்மா இருக்க வேண்டுமே, அதுதான் கஷ்டம். திரையில் வெள்ளையாக ஒன்று தெரிந்ததும் கிளம்பிப் போய் எழுப்பிவிடுகிறவர்கள் உண்டு. கருவி இல்லாதிருந்தால் விடியும் வரை பேசாமல் இருந்திருப்பார்கள்.

அடர்ந்த காடு, ராத்திரி மழை, நேற்றைய தடம் என்றால் இரண்டு கட்சியையும் ஓரம் கட்டிவிட்டு மோப்ப நாயைக் கூப்பிடுங்கள். நாய் ரத்தத்தை மட்டும் மோப்பம் பிடிப்பதில்லை. மானின் குளம்புகளுக்கு நடுவே உள்ள சுரப்பி ஒவ்வொரு அடியிலும் விட்டுப்போகும் வாசனையையும் பிடிக்கிறது. ஜெர்மனியில் இதற்கென்றே நாய்களுக்குத் தேர்வு உண்டு: 40 மணி நேரம் பழசான, ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத தடத்தில் போய்க் காட்ட வேண்டும். எந்தத் தெர்மலும் அந்தத் தேர்வில் உட்காரவே முடியாது. நாய் வருவதற்குள் நாலு பேர் இறங்கித் தடத்தை மிதித்து நாசமாக்காமல் இருந்தால் சரி.

டிரோனில் தெர்மல் கட்டித் தேடுவது திறந்த வயல்வெளிக்கு அருமையான வழி. சட்டம்தான் இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 2015இல் போட்ட சட்டம் வேட்டை விலங்கை எடுக்க டிரோன் உதவியையே தடுக்கிறது. ஒரு தேடல் நிறுவனம் 2023இல் அதை எதிர்த்துக் கூட்டாட்சி நீதிமன்றம் போனது. வேறு சில இடங்களில் இரவில் ஆயுதத்தோடு தெர்மல் வைத்திருப்பதே சிக்கல். வாங்குவதற்கு முன் உங்கள் பகுதி விதியைப் படித்துவிடுங்கள்.

திறந்த நிலம், குளிர்ந்த இரவு என்று வேட்டையாடுகிறவர் தெர்மலுக்குச் செலவழிக்கலாம். புதர்க்காட்டுக்காரர் அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நாய் வைத்திருப்பவரின் தொலைபேசி எண்ணை வாங்கி வைப்பதே மேல். யாராக இருந்தாலும் மான் நின்ற இடத்தை முதலில் போய்ப் பார்ப்பதில் விலக்கு இல்லை.

தெர்மலில் படுத்த உருவம் தெரிந்தால் தலை நிமிர்ந்திருக்கிறதா, காது ஒளிர்கிறதா என்று பத்து நிமிடம் பாருங்கள். காது அணைந்து வயிறு மட்டும் வெள்ளையாக இருந்தால் பெரும்பாலும் முடிந்துவிட்டது. அப்போதும் முதுகுப் பக்கமாகவே நெருங்கி, நீளமான குச்சியால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள். இமை அசைந்தால் விலகி நின்று இன்னொரு குண்டு போடுங்கள்.