ராக்கர் நேராக உட்காருகிறதா: ஃபீலர் கேஜா, மார்க்கர் மையா?

அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில் டேப்பெட் சத்தம் (வால்வுப் பக்கம் வரும் டிக் டிக் ஒலி) கேட்டால் பலரும் முதலில் எடுப்பது இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ்தான். வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கர் என்ற நெம்புகோலுக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி பார்க்க அது போதும், வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் ராக்கர் முனை தேய்ந்து குழி விழுந்திருந்தால், தகடு குழியின் மேல் பாலம் போலக் கிடக்கும். உள்ளே உள்ள கூடுதல் இடைவெளி தெரியாது. ராக்கர் பக்கவாட்டில் விலகியிருப்பதையும் அது காட்டாது.

அதைக் காட்டுவது மார்க்கர் மை. வால்வுத் தண்டின் முனையை எண்ணெய் போகத் துடைத்து மை பூசி, இன்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். மை அழிந்த தடம் நடுவில் இருந்தால் சரி. ஓரமாக ஒதுங்கியிருந்தால் ராக்கர்கள் கோத்திருக்கும் ராக்கர் ஷாஃப்டின் ஸ்பிரிங், புஷ் (ராக்கரின் துளைக்குள் இருக்கும் உருளை உறை), அப்புறம் வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாயான வால்வு கைடு மூன்றையும் பாருங்கள். எட்டு வால்வுக்கும் இதைப் பார்க்காமல் நான் டேப்பெட் கவரை மூடுவதே இல்லை.