ஒரு போர்ட்டின் வாயை அடைக்க எத்தனை கிளிக்? லிப்ரேஎன்எம்எஸ், ஸாபிக்ஸ், ஓப்பன்என்எம்எஸ்

மீட்டிங் ரூமில் நெட்வொர்க் கேபிள் செருகும் ஒரு போர்ட். யாராவது லேப்டாப்பைச் செருகினால் எழும், பிடுங்கினால் விழும். விழும்போதெல்லாம் 'லிங்க் டவுன்' என்று ஓர் அலர்ட். அந்த ஒரு போர்ட்டை மட்டும் வாயடைக்க வேண்டும், மற்றவை பேசட்டும். லிப்ரேஎன்எம்எஸ், ஸாபிக்ஸ், ஓப்பன்என்எம்எஸ் போன்ற நெட்வொர்க் மேலாண்மை மென்பொருளின் நிர்வாகப் பக்கத்தை எடைபோட எனக்கு இந்த ஒரு வேலை போதும். டாஷ்போர்டு எல்லாவற்றிலும் அழகாகத்தான் இருக்கிறது.

லிப்ரேஎன்எம்எஸ்ஸில் வழி நேரானது. மேலே உள்ள தேடல் பெட்டியில், அந்தப் போர்ட் சேர்ந்திருக்கும் நெட்வொர்க் ஸ்விட்சின் பெயரில் நாலு எழுத்து தட்டினால் அதன் பக்கம் வந்துவிடும். அங்கேயே எடிட், அதற்குள் போர்ட் செட்டிங்ஸ். போர்ட்டுக்கு ஒரு வரி. போலிங்கை, அதாவது அவ்வப்போது நிலையைக் கேட்டறிவதை, நிறுத்த ஒன்று, அலர்ட்டைப் புறக்கணிக்க ஒன்று என்று வரிக்கு இரண்டு தேர்வுகள். அவசரத்தில் முதலாவதைத் தட்டிவிட்டால் அந்தப் போர்ட்டின் கிராஃபும் அன்றோடு நின்றுவிடும். நமக்கு வேண்டியது இரண்டாவது. அப்புறம், பொது அமைப்புகளில் ஏதாவது ஒரு கட்டம் மாற்ற முடியாமல் பூட்டிக் கிடந்தால், அந்த மதிப்பு சர்வரில் உள்ள கான்ஃபிக் கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். பிரவுசரில் தலைகீழாக நின்றாலும் மாறாது.

ஸாபிக்ஸில் பார்ப்பதற்கு ஒரு மெனு, மாற்றுவதற்கு வேறு மெனு. 'ஹோஸ்ட்ஸ்' (கண்காணிக்கப்படும் சாதனங்கள்) என்ற பெயர் இரண்டிலும் இருக்கும். மானிட்டரிங்கில் உள்ளது பார்க்க, டேட்டா கலெக்‌ஷனில் உள்ளது மாற்ற. 2023இல் வந்த 6.4 பதிப்புக்கு முன் இந்த இரண்டாவது மெனுவின் பெயர் கான்ஃபிகரேஷன். பழைய வழிகாட்டியைப் படித்துக்கொண்டு தேடுகிறவர் திணறுவது இங்கேதான். நான் மெனுவுக்கே போவதில்லை. பிராப்ளம்ஸ் பட்டியலில் ஹோஸ்ட் பெயரைத் தட்டினால் ஒரு குட்டி மெனு விரியும், அதிலிருந்தே அமைப்புக்குத் தாவலாம்.

சரி, தாவியாயிற்று. அலர்ட்டை எழுப்பும் விதியான டிரிக்கர், பல சாதனங்களுக்குப் பொதுவான டெம்ப்ளேட்டிலிருந்து வந்தது, அதன் நிபந்தனையை இங்கே தொட முடியாது. ஹோஸ்ட்டின் மேக்ரோஸ் தாவலில், ஐஎஃப்கண்ட்ரோல் என்ற மேக்ரோவை (அந்த விதி பார்க்கும் ஒரு மாறியை) அந்தப் போர்ட்டின் பெயரோடு சேர்த்து 0 என்று கொடுக்க வேண்டும். இது தெரியாதவருக்கு அரை நாள் வேலை, தெரிந்தவருக்கு அரை நிமிடம். ஆனால் இந்தச் சுற்றுக்கு ஒரு பலன் உண்டு. நாளைக்கு எல்லா ஸ்விட்சிலும் ஒரு வரம்பை மாற்ற வேண்டுமென்றால் டெம்ப்ளேட்டில் ஒரே இடத்தில் மாற்றினால் போதும். சர்வர், டேட்டாபேஸ் எல்லாம் ஒரே கூரைக்குள் வர வேண்டுமென்றால் நான் இதைத்தான் எடுப்பேன். வெறும் ஸ்விட்சும் ரவுட்டரும்தான் என்றால் லிப்ரேஎன்எம்எஸ்.

ஓப்பன்என்எம்எஸ்ஸில் போர்ட் கதைக்கு முன்பே ஒரு படி தாண்ட வேண்டும். சாதனத்தை ரெக்விசிஷன் என்ற பட்டியலில் சேர்த்துச் சேமித்தால் மட்டும் போதாது, சிங்க்ரனைஸ் தட்ட வேண்டும். அதுவரை கண்காணிக்கப்படும் சாதனங்களின் நோடு பட்டியலில் அது தலைகாட்டாது. பத்து ஸ்விட்சுக்கு இது வீண் சுற்றுதான். ஆயிரக்கணக்கான சாதனங்களை வேறொரு பட்டியலிலிருந்து இறக்குகிற இடத்தில், நள்ளிரவில் யாரோ அரைகுறையாகத் திருத்தியது உடனே உயிர்பெறாது என்பதே நிம்மதி. அங்கே இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாக நிறுவியதும் நோட்டிஃபிகேஷன் அணைந்த நிலையில்தான் இருக்கும். நிர்வாகப் பக்கத்தில் நாமே போய் ஆன் செய்து, அப்டேட் தட்ட வேண்டும்.