சாலையால் ஏறிய நில விலையும் ரேட்ஸ் பில்லும்: மதிப்பீட்டுப் பட்டியல் சேவை எப்படி?

டர்பனுக்கு வடக்கே மவுண்ட் எட்ஜ்கோமில் என்2 நெடுஞ்சாலையும் எம்41 சாலையும் சேரும் இடத்தில் புதிய மேம்பாலங்கள் 2018இல் திறந்தன. ஒரு பக்கம் ஃபீனிக்ஸ், மறுபக்கம் உம்லாங்கா. பொதுப்பணத்தில் போட்ட சாலையால் பக்கத்து நிலத்தின் விலை ஏறினால், அந்த ஏற்றத்தில் ஊருக்கும் ஒரு பங்கு சேருவதுதான் நியாயம். தென்னாப்பிரிக்காவில் அந்தப் பங்கை வீட்டுக்காரரிடம் வாங்கும் வேலை, 2004ஆம் ஆண்டின் 6ஆம் எண் சொத்து வரிச் சட்டப்படி ஒவ்வொரு சொத்துக்கும் சந்தை மதிப்பு எழுதி முனிசிபாலிட்டி தயாரிக்கும் மதிப்பீட்டுப் பட்டியல் தலையில்தான் விழுகிறது. ஏற்றத்தைப் பிடிப்பதில் அந்தச் சேவை சுமார். தப்பாகப் பிடித்ததைத் திருத்திக்கொள்ள அது தரும் வழி, தெரிந்தவர்களுக்கு நல்ல வழி.

முதலில் கணக்கு. சாலை வந்ததால் 9,00,000 ராண்ட் வீடு 10,50,000 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ரேட்ஸ், அதாவது முனிசிபாலிட்டி சொத்து வரி, மதிப்பில் ஒரு ராண்டுக்கு வருடம் 1.4 சென்ட் என்றால், ஏறிய 1,50,000க்கு வருடம் 2,100 ராண்ட் கூடுதல். பெருநகரப் பட்டியலுக்கு வழக்கமான ஆயுள் 4 நிதியாண்டு. நான்கிலும் சேர்த்து 8,400, அதாவது ஏற்றத்தில் 5.6 சதவீதம். மிச்சமெல்லாம் உரிமையாளருக்கு. வீட்டை விற்காமல் குடியிருக்கும் பென்ஷன்காரருக்கோ கையில் காசு வராமலே வருடம் 2,100 போகிறது. இது இந்த முறையின் பெரிய குறை.

இன்னொரு குறை மதிப்பிடும் விதத்தில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான வீடுகளை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்க முடியாது. கட்டடப் பரப்பு, மனைப் பரப்பு, வட்டாரம், அக்கம்பக்கத்து விற்பனை விலை ஆகியவற்றைக் கணினியில் போட்டு மொத்தமாக மதிப்பிடுகிறார்கள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் வீட்டுக்கு நெடுஞ்சாலையால் லாபம் மட்டும்தான். சாலையை ஒட்டிய வீட்டுக்கு லாரிச் சத்தம், புகை, நடுத்தடுப்பு வைத்ததால் வலப்பக்கம் திரும்ப முடியாத வாசல். இரண்டும் ஒரே வட்டாரக் குறியீட்டில் விழுந்தால் ஏற்றமும் ஒரே அளவாக விழும். சாலை அகலப்படுத்த மனையில் ஒரு துண்டை எடுத்திருந்தால் பழைய பரப்பே பட்டியலில் நிற்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். புதிய அளவை வரைபடம் பதிவாகும் வரை பழைய எண்தான் ஓடும்.

நடுவில் வரும் துணைப் பட்டியலையும் கவனிக்க வேண்டும். சந்தை மதிப்பு எந்தக் காரணத்தாலாவது கணிசமாக மாறியிருந்தால், அதே சொத்து வரிச் சட்டத்தின் 78ஆம் பிரிவு நாலு வருடம் முடியுமுன்பே மறுமதிப்பீடு செய்ய இடம் தருகிறது. ஆனால் கடந்த பொதுமதிப்பீட்டுத் தேதியின் சந்தை நிலவரப்படிதான் கணக்கிட வேண்டும். சாலை திறந்தபின் பக்கத்து வீடு போன விலையை அப்படியே தூக்கி வைத்திருந்தால் அது தவறு.

சாலைக்கென்றே தனி வரி போடும் ஊர்களும் உண்டு. கொலம்பியாவில் 1921ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே அந்த வழக்கம் இருக்கிறது. இங்கே அதைப் பேசினால் நம் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், காரணம் உண்டு. இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த காலத்தில் வந்த 1955ஆம் ஆண்டின் குழுப் பகுதி மேம்பாட்டுச் சட்டத்தில், வீடு அதற்குக் குறித்த அடிப்படை மதிப்பைவிடக் கூடுதலாக விற்றால், அந்தக் கூடுதலில் பாதியை அந்தச் சட்டப்படி அமைந்த வாரியம் எடுத்துக்கொண்டது. வீட்டைப் பிடுங்கியவர்களே விலையேற்றத்திலும் பங்கு கேட்டார்கள். ஆகவே புதிய வரி வருமானால் சாலைக்கு முன், பின் என இரண்டு மதிப்பீடும் வெளிப்படையாக இருக்க வேண்டும். குடியிருப்பவருக்கு வீட்டை விற்கும் நாள் வரை வரி கட்ட அவகாசம் வேண்டும். இந்த இரண்டும் இல்லாத வரி நமக்கு வேண்டாம்.

இனி ஆட்சேபனை. பட்டியலைப் பார்க்கவும் ஆட்சேபிக்கவும் குறைந்தது 30 நாள் தர வேண்டும். “எல்லாருக்கும் ஏற்றிவிட்டார்கள்” என்று எழுதினால் செல்லாது. குறிப்பிட்ட ஒரு சொத்தைப் பற்றி மட்டுமே ஆட்சேபிக்கலாம். மதிப்பீட்டுத் தேதியை ஒட்டி விற்ற, உங்கள் வீடு போன்ற மூன்று முதல் ஐந்து வீடுகளின் விலை, தேதி, பரப்பு மூன்றையும் சேருங்கள். சாலையை ஒட்டிய வீடானால், ஒப்பீட்டு வீடுகளும் சாலையை ஒட்டியே இருக்கட்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். வாசலில் நின்று நடுத்தடுப்பு தெரியும்படி ஒரு படம், வேலிக்கும் சாலை ஓரத்துக்கும் உள்ள தூரத்தை டேப்பால் அளந்து ஒரு குறிப்பு, இவை பத்து வரி புலம்பலை விட உதவும். நீங்கள் கேட்கும் மதிப்பை ஓர் எண்ணாக எழுதுங்கள். ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

ஆட்சேபனை நிலுவையில் இருக்கிறது என்று ரேட்ஸ் கட்டுவதை நிறுத்தக்கூடாது. கட்டும் கடமையை அது தள்ளிவைக்காது. மதிப்பீட்டாளர் 10 சதவீதத்துக்கு மேல் மாற்றினால், கூட்டினாலும் குறைத்தாலும், விஷயம் தானாகவே மேல்முறையீட்டு வாரியத்தின் மறுபரிசீலனைக்குப் போகும். முடிவு திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் காரணம் கேளுங்கள். காரணம் அனுப்பப்பட்டதிலிருந்து மேல்முறையீட்டுக்கு 21 நாள்தான். நாள் ஓடத் தொடங்குவது கடிதம் உங்கள் கைக்கு வந்த தேதியில் அல்ல, அவர்கள் அனுப்பிய தேதியில்.