கீச்சிடும் பெல்ட்: தண்ணீர் பாட்டிலா, ஸ்குரூ டிரைவரா, கழற்றிப் பார்ப்பதா?

மார்கழிப் பனியில் நான் காரை எடுத்தால் தெருவுக்கே தெரியும். ஸ்டார்ட் செய்த கையோடு கீச் கீச் கீச் என்று சில்வண்டுச் சத்தம் கேட்கும். எங்கள் ஊரிலேயே ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அரை நிமிடம் காது கொடுத்தவர், "பெல்ட் போயிடுச்சு சார்" என்று புதியது மாட்டிவிட்டார். சத்தம் நின்றது. பொங்கல் முடிந்து பார்த்தால் அதே சில்வண்டு, அதே சுருதி.

நாம் இன்னும் ஃபேன் பெல்ட் என்றே சொல்கிறோம். ஆனால் இப்போதைய கார்களில் பெரும்பாலும் ஃபேன் கரண்டில்தான் ஓடுகிறது. பெல்ட் சுற்றுவது டைனமோவையும் ஏசி கம்ப்ரசரையும். பல வண்டிகளில் வாட்டர் பம்ப், ஸ்டியரிங் பம்ப்பும் சேர்ந்திருக்கும். மூடிக்குள் இருக்கும் டைமிங் பெல்ட் வேறு சமாச்சாரம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

முதலில், பெல்ட்டை மாற்றிப் பார்ப்பது. எல்லோரும் செய்வது இதுதான். என் கணக்கில் இருப்பதிலேயே மோசமான சோதனையும் இதுதான். பெல்ட் ஏறி ஓடும் சக்கரமான புல்லி கோணலாக இருந்தாலும் புது பெல்ட் சில நாள் சத்தம் போடாமல் ஓடிவிடும். கோளாறு தீர்ந்ததா, ஒளிந்துகொண்டதா என்று தெரியாது. வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்வதும் பழைய ரப்பர் பெல்ட்டோடு போயிற்று. இப்போது வரும் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் பெல்ட்டுகள் அவ்வளவு சுலபத்தில் வெடிக்காது. டயர் தேய்வதுபோல, பெல்ட்டில் நீளவாக்கில் ஓடும் பள்ளங்களின் சுவர்கள் தேயும். மேலோட்டமாகப் பார்த்தால் புதிதுபோலவே இருக்கும்.

தண்ணீர்ச் சோதனைக்குச் செலவே இல்லை. என்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது பெல்ட்டின் வரிப் பள்ளம் உள்ள பக்கத்தில், டைனமோ மேல் படாமல், கொஞ்சமாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். சத்தம் சட்டென்று நின்று, ஈரம் காய்ந்ததும் திரும்ப வந்தால் புல்லி நேர்கோட்டில் இல்லை. கோணலாக ஏறும் பெல்ட் புல்லியின் ஓரத்தில் உரசுகிறது, அந்த உரசலைத் தண்ணீர் வழுக்க வைத்துவிடுகிறது. தெளித்ததும் சத்தம் கூடினால் கதையே மாறுகிறது: பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது, தண்ணீர் இருந்த பிடியையும் கெடுத்துவிட்டது. அப்போது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைத்தான் பார்க்க வேண்டும். ஐப்பசி மழையில் தேங்கிய தண்ணீரைக் கடந்ததும் வண்டி 'கிறீச்' என்று அலறினால், இந்தச் சோதனையை ரோடே செய்து கொடுத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் தெளித்தும் சத்தம் கூடவுமில்லை, குறையவுமில்லை என்றால் பேரிங் பக்கம் சந்தேகம் போகும். இங்கேதான் ஸ்குரூ டிரைவர்காரர்களுக்கும் கழற்றிப் பார்ப்பவர்களுக்கும் ஒத்துப்போகாது.

நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை ஒவ்வொரு பாகத்தின் சுழலாத உடம்பிலும் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பது பழைய முறை. பழகிய காதுக்கு அருமையாக வேலை செய்யும். எனக்குச் சரிவரவில்லை. அலுமினிய உடம்பு சத்தத்தைக் கடத்திவிடுவதால் டைனமோ, ஐட்லர் (பெல்ட்டுக்கு வழிகாட்ட மட்டும் இருக்கும் புல்லி), வாட்டர் பம்ப் மூன்றுமே முனகுவதுபோல இருந்தது. ஆபத்தும் உண்டு. தோளில் துண்டோடு ஓடும் பெல்ட்டுக்கு மேல் குனியாதீர்கள்.

பெல்ட்டைக் கழற்றி ஒவ்வொரு புல்லியையும் கையால் சுழற்றுவதற்குக் காது தேவையில்லை, விரல் போதும். நல்ல பேரிங் வழவழவென்று சுற்றும். கெட்டது மணல் அரைபடுவதுபோல நறநறக்கும், அல்லது பக்கவாட்டில் ஆடும். கழற்றுமுன் பெல்ட் போகும் வழியைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ட் இல்லாமல் என்ஜினைச் சில விநாடி ஓட்டி, சத்தம் இந்தப் பக்கத்தில் வருவதுதானா என்றும் உறுதி செய்யலாம். வாட்டர் பம்ப் நின்றிருக்கும் என்பதால் அதற்குமேல் ஓட்டக்கூடாது. டென்ஷனரே இல்லாமல், தானே இழுபட்டு இறுகி நிற்கும் இழுவை பெல்ட் என்றால் வீட்டில் கை வைக்க வேண்டாம்.

என் ஓட்டு கழற்றுவதற்குத்தான். ஆனால் பெல்ட்டின் இழுவை இருக்கும்போது மட்டும் முனகும் பேரிங் கையில் சுழற்றினால் பூனைபோல அமைதியாக இருக்கும். அதைப் பிடிக்க ஸ்குரூ டிரைவர்தான் வேண்டும்.

ஸ்ப்ரே அடிப்பதைச் சோதனை என்றே நான் சேர்ப்பதில்லை. ரைஸ்மில் தட்டைப் பெல்ட் வழுக்காமல் இருக்கப் பிசின் தடவிய காலம் உண்டு. அந்தப் பழக்கத்தில் காருக்கும் ஒட்டும் ஸ்ப்ரே, சோப்பு, தேங்காய் எண்ணெய் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வரி பெல்ட்டுக்கு வேண்டியது உலர்ந்த சுத்தமான பிடி. எண்ணெய் ரப்பரை ஊற வைத்துக் கெடுக்கும். ஸ்ப்ரேயின் பசையில் தூசி ஒட்டும், அதுவும் நம் பக்கத்தில். தை அறுவடையில் பாதி ரோட்டில் நெல் காய்கிறது, மீதி ரோட்டில் வைக்கோல் கிடக்கிறது. அந்தச் சுணையும் தூசியும் வரிப் பள்ளத்தில் அடைந்தாலே கீச்சிடும். நிறுத்திய என்ஜினில் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு அப்புறம் மற்ற சோதனைகளுக்குப் போகலாம்.

என் காரைக் கடைசியில் பார்த்தவர் திருவாரூர்ப் பக்கம் அறுவடை மிஷின்களுக்கு வேலை செய்யும் ஒரு பெரியவர். குடிக்க வைத்திருந்த பாட்டிலிலிருந்தே தெளித்தார். சத்தம் நின்றது. பத்து எண்ணுவதற்குள் திரும்ப வந்தது. என்ஜினை நிறுத்தி இரும்பு ஸ்கேலைப் புல்லிகளின் முகத்தில் வைத்தார். ஐட்லருக்கும் ஸ்கேலுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. பெல்ட் ஓடும் 100 மி.மீ. நீளத்துக்கு 1.7 மி.மீ. விலகினாலே ஒரு டிகிரி கோணல். சத்தம் வர அது போதும். பெல்ட்டைக் கழற்றி ஐட்லரை ஆட்டினார், ஆடியது.

"பெல்ட்டு என்ன தம்பி பண்ணும், அதை இது கத்த வைக்குது" என்று ஐட்லரை மட்டும் மாற்றினார். முதலில் கழற்றிய பழைய பெல்ட் இன்னும் டிக்கியில் கிடக்கிறது. அதில் பள்ளத்தின் சுவர்கள் தேயாமலேதான் இருக்கின்றன.