ராயபுரம் ரயில் நிலையம்: கட்டடத்துக்கு முழு மதிப்பெண், வண்டிக்குப் பாதி

சென்னையின் ராயபுரம் ஸ்டேஷனுக்குப் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் முதல் படியிலேயே தவறிவிடுகிறார்கள். சென்ட்ரலை ஒட்டியுள்ள மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸிலிருந்து கிளம்பும் எந்தப் புறநகர் வண்டியும் ராயபுரம் வழியாகப் போகாது. அவை பேசின் பிரிட்ஜ் போய், அங்கிருந்து கும்மிடிப்பூண்டிப் பக்கமும் அரக்கோணம் பக்கமுமாகப் பிரிந்துவிடும். ராயபுரத்தில் நிற்பவை பீச் ஸ்டேஷன் வழியாக வடக்கேயும் மேற்கேயும் போகும் வண்டிகள் மட்டுமே.

சென்ட்ரலில் இறங்கியவர் சுரங்கப்பாதையில் சாலையைக் கடந்து பார்க் ஸ்டேஷனுக்கு வர வேண்டும். அங்கே பீச் வண்டி ஏறினால், கோட்டைக்கு அடுத்து பீச். அங்கு இறங்கி அரக்கோணம் வண்டியோ கும்மிடிப்பூண்டி வண்டியோ மாறினால் முதல் நிறுத்தமே ராயபுரம். தாம்பரம் பக்கத்திலிருந்து வருபவருக்கும் பீச்சில்தான் மாற்றம். ஆனால் டிக்கெட்டை ஏறும் இடத்திலேயே ராயபுரம் வரை எடுத்துவிடுங்கள். 'பீச் வரைக்கும் இருக்கு, மேல ஒரு ஸ்டேஷன்தானே' என்று உட்கார்ந்திருந்தால், பரிசோதகர் வந்ததும் அபராதம் மட்டுமே குறைந்தது 250 ரூபாய். புறநகர் ரயிலின் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய்தான். மொபைல் ஆப்பில் எடுப்பவர்கள் ஸ்டேஷனுக்குள் நுழையும் முன்பே எடுத்துக்கொள்ள வேண்டும். உள்ளே வந்துவிட்டால், அங்கே ஒட்டியிருக்கும் கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்யாமல் டிக்கெட் வராது. ஸ்கிரீன்ஷாட் செல்லாது, ஆப்பைத் திறந்து காட்ட வேண்டும்.

இத்தனை சுற்றி ஏன் போக வேண்டும் என்றால், அந்தக் கட்டடத்துக்காக. பம்பாய் போரிபந்தரிலிருந்து தானாவுக்கு 1853-ல் முதல் பயணிகள் ரயில் ஓடியது. ஆனால் அந்த இரண்டு ஊர்களிலும் அன்றைய ஸ்டேஷன் கட்டடம் இன்று இல்லை. தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையமான ராயபுரத்தை ஆளுநர் ஹாரிஸ் பிரபு 1856 ஜூன் 28 அன்று திறந்துவைத்தார். அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது. நாட்டிலேயே எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஸ்டேஷன் கட்டடம் இதுதான். ஜூலை 1 முதல் ஆற்காட்டுக்குப் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. அன்றைய அட்டவணையில் ஆற்காடு என்று இருந்தது இன்றைய வாலாஜா ரோடு. ஏறக்குறைய 100 கிலோமீட்டர். இடத்தைப் பார்த்தாலே காரணம் புரியும். ஜார்ஜ் டவுன் வணிகர்கள் ஒரு பக்கம், கப்பல்கள் நிற்கும் கடல் இன்னொரு பக்கம். சரக்குக்கும் ஆளுக்கும் இதைவிட வாகான இடம் அன்றைய மதராஸில் இல்லை.

1873-ல் சென்ட்ரல் வந்தது, 1908-ல் எழும்பூர் வந்தது. பயணிகள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். 1922-ல் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் புதிய தலைமையகம் எழுந்தபோது, மதராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வேயின் அலுவலகமும் ராயபுரத்தை விட்டுப் போயிற்று. அதன் பிறகு இது சரக்கு யார்டுக்கு நடுவே ஒதுங்கிக் கிடந்த கட்டடம். பழுதுபார்த்து, 2005 அக்டோபர் 2 அன்று மறுபடி திறந்தார்கள். முன்பக்கத்துத் தூண் வரிசையைச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். கோபுரமோ கடிகாரமோ வைத்து மிரட்டாமல், நீளத்தாலும் தூண்களாலும் மட்டுமே கம்பீரம் காட்டும் கட்டடம். சென்ட்ரலின் சிவப்பையும் எழும்பூரின் குவிமாடத்தையும் கொண்டாடும் நகரம் இதற்கு அதில் கால்வாசி கவனம் கொடுத்தாலும் போதும்.

பெயரும் கவனிக்கத்தக்கது. பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர் இராயப்பர் என்பார்கள். அவர் பெயரில் வந்ததே ராயபுரம். ஸ்டேஷனின் சுருக்கக் குறியீடு ஆர்.பி.எம். அடுத்த முறை சென்ட்ரலில் நீண்டதூர வண்டி ஏறும்போது எஞ்சினின் பக்கவாட்டைப் பாருங்கள். பலவற்றில் இதே மூன்று எழுத்துகள் இருக்கும். மின்சார எஞ்சின்களைப் பராமரிக்கும் ராயபுரம் லோகோ ஷெட்டைச் சேர்ந்த எஞ்சின் என்று பொருள். 6,000 குதிரைத்திறனுக்கு மேல் இழுப்பவை. ஊருக்கெல்லாம் எஞ்சின் அனுப்பும் ராயபுரத்திலிருந்து ஒரு நீண்டதூர வண்டிகூடப் புறப்படுவதில்லை என்பதுதான் வடசென்னைக்காரர்களின் நெடுநாள் ஆதங்கம். அது நியாயமான ஆதங்கம்.

சேவை என்று பார்த்தால் குறை இதுதான்: புறநகர் வண்டிகளில் பெரும்பங்கு மூர் மார்க்கெட்டிலிருந்தே போவதால், இங்கே காத்திருப்பு அதிகம். ஞாயிறு அட்டவணையில் வண்டிகள் இன்னும் குறையும். அட்டவணை பார்க்காமல் கிளம்ப வேண்டாம். மெட்ரோவில் வரலாம் என்றால் ராயபுரம் என்ற பெயரில் நிலையம் கிடையாது. மண்ணடியிலோ வண்ணாரப்பேட்டையிலோ இறங்கி ஆட்டோ பிடிக்க வேண்டும். ஸ்டான்லி மருத்துவமனைக்கு வருபவர்களுக்கு இந்த ஸ்டேஷன் நடந்து போகும் தூரம்தான். பஸ்ஸில் வந்து ஸ்டேஷனை மட்டும் பார்ப்பவர் பிளாட்பாரம் டிக்கெட் எடுக்க வேண்டும். 10 ரூபாய், 2 மணி நேரம் செல்லும். முக்காலி வைத்துப் படம் எடுப்பதானால் முதலில் ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்டுவிடுங்கள்.

வேறு ஊரிலிருந்து மூர் மார்க்கெட் வண்டியில் தவறி ஏறிவிட்டால் பதற வேண்டாம். கும்மிடிப்பூண்டித் தடமென்றால் கொருக்குப்பேட்டையிலும், அரக்கோணம் தடமென்றால் வியாசர்பாடி ஜீவாவிலும் இறங்கி, பின்னால் வரும் பீச் வண்டிக்கு மாறலாம். பேசின் பிரிட்ஜ் வரை போய்விட்டால்தான் சிக்கல். பிறகு சென்ட்ரல், பார்க், பீச் என்று முழுச் சுற்று சுற்ற வேண்டும்.