உப்புத் தண்ணீர் வீட்டுக்கு எந்த கீசர்?

போன தை மாதம் எங்கள் வீட்டு 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசரின் காயில் இரண்டாவது முறையாகப் போனது. கழற்றிய எலெக்ட்ரீஷியன் உள்ளேயிருந்து வெள்ளை ஓடுகளாக ஒரு கைப்பிடி அள்ளிக் காட்டி, "தண்ணியோட வேலை சார், கீசரத் திட்டாதீங்க" என்றார். அன்றைக்குத்தான் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முடிவில் வாங்கியது, ஓடும்போதே சூடாக்கும் இன்ஸ்டன்ட் இல்லை, டாங்கில் நிரப்பி முன்கூட்டியே சூடாக்கி வைக்கும் 25 லிட்டர் ஸ்டோரேஜ் கீசர். அதனால் என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

வீடு கோவைக்குச் சற்று வெளியே. குடிக்கச் சிறுவாணி, குளிக்க போர் தண்ணீர். போர் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்ததில் கடினத்தன்மை, அதாவது கரைந்திருக்கும் சுண்ணாம்பு வகை உப்புகளின் அளவு, லிட்டருக்கு 550 மில்லிகிராம் என்று வந்தது. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் 200 வரை நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். நாங்கள் விளிம்பில் இருக்கிறோம்.

சோலார் எங்களுக்கு ஒத்துவராது, மொட்டை மாடி எல்லாருக்கும் பொது. ஹீட்டர் ராடு மலிவுதான். ஆனால் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வாளிக்குள் கரண்ட் கம்பி வேண்டாம்.

கணக்குக்கு ஒரு எண் போதும்: 860. ஒரு யூனிட் மின்சாரம் 860 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கும். லிட்டரையும் ஏற்ற வேண்டிய டிகிரியையும் பெருக்கி 860-ஆல் வகுத்தால் யூனிட் வந்துவிடும். எங்கள் தொட்டித் தண்ணீர் 26 டிகிரி, குளிக்க 40 வேண்டும் என்று வைத்தால், 20 லிட்டர் வாளிக்கு 20 × 14 ÷ 860, ஏறக்குறைய 0.33 யூனிட். நாலு பேருக்கு 1.3. எந்த கீசர் வாங்கினாலும் இந்த அளவு குறையாது. பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டார் குறிகூட, சூடான தண்ணீர் டாங்கில் சும்மா நிற்கும்போது எவ்வளவு வெப்பம் வீணாகிறது என்பதைப் பற்றியதுதான். தேவைக்கு மட்டும் சுவிட்ச் போடுகிறவர்கள் அதற்காக ரொம்பக் கவலைப்பட வேண்டாம்.

இன்ஸ்டன்டில் நிஜமான சிக்கல் வேகம். 3 கிலோவாட் காயில் நிமிடத்துக்கு 43 லிட்டர்-டிகிரிதான் தரும். 14 டிகிரி ஏற்ற வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 3 லிட்டர். வாளி நிரம்ப ஆறரை நிமிடம் ஆகும். ஷவரில் நின்றால் நூல் மாதிரி வரும். ஊட்டியில் தண்ணீர் 12 டிகிரிக்கு இறங்கும் காலையில் அதே கீசரில் ஒரு வாளிக்கு 13 நிமிடம். ஸ்டோரேஜில் 21 நிமிடம் முன்னாடி சுவிட்ச் போட வேண்டும், அவ்வளவுதான்.

சரி, என் முடிவைத் திருப்பியது இதெல்லாம் இல்லை, அந்த வெள்ளை ஓடுதான். சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும். கடினத் தண்ணீரின் சுண்ணாம்பு நேர்மாறு. கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடு பட்டதும் உடைந்து, கரியமில வாயு போய், சுண்ணாம்புக்கல்லாகப் படிகிறது. 60 டிகிரியைத் தாண்டினால் இது வேகமெடுக்கும். நாளுக்கு 50 லிட்டர் சூடாக்கினால், 550 மில்லிகிராம் கணக்கில், வருடத்துக்குப் பத்து கிலோ சுண்ணாம்பு கீசர் வழியாகப் போகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு தங்கினாலே ஒரு கிலோ!

படிவால் கரண்ட் பில் ஏறும் என்பார்கள். தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் காயிலில் அப்படி இல்லை, வெப்பம் வேறெங்கும் போக வழியில்லாமல் கடைசியில் தண்ணீருக்குத்தான் வருகிறது. ஆனால் ஓடு போர்த்திய காயில் தன் சூட்டை வெளியே தள்ள முடியாமல் உள்ளுக்குள்ளேயே கொதித்து எரிந்துபோகிறது. செலவு அங்கேதான். இன்ஸ்டன்டில் சின்னக் காயிலில் 3 கிலோவாட் திணித்திருப்பதால் இது சீக்கிரம் நடக்கும். போதாததற்கு, குளிக்கும் தண்ணீர் ஒரு சொட்டு விடாமல் அந்தக் காயிலைத் தொட்டுத்தான் வர வேண்டும்.

ஸ்டோரேஜில் ஒரு பங்கை மட்டும் சூடாக்கி மிச்சத்துக்குப் பச்சைத் தண்ணீர் கலக்கலாம். இங்கேதான் டாங்கின் அளவு முக்கியம். கடையில் 15 லிட்டர் போதும் என்றார்கள். 60 டிகிரியில் வைத்தால் அது 36 லிட்டர் குளியல் தண்ணீர் தரும், உண்மைதான். 25 லிட்டரை 50 டிகிரியிலேயே நிறுத்தினால் 43 லிட்டர் கிடைக்கிறது, படிவும் குறைகிறது. விலை கொஞ்சம் கூடுதல். நான் தெர்மோஸ்டாட்டை 50-ல் வைத்து, மாதம் ஒரு முறை 60-க்கு மேல் ஏற்றிவிடுகிறேன், வெதுவெதுப்பில் வளரும் லெஜியோனெல்லா போன்ற கிருமிகளுக்காக.

வருடம் ஒருமுறை டாங்கை வடித்து, காயிலைக் கழற்றி எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊற வைக்க வேண்டும். கூடவே மெக்னீசியம் கம்பியையும் பார்க்க வேண்டும். டாங்கின் இரும்பு அரிக்காமல் தன்னைக் கரைத்துக் காப்பாற்றுவது அதுதான். எங்களுடையதற்கு இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை, பத்து மாதப் பழக்கத்தை வைத்துத்தான் பேசுகிறேன். மென்தண்ணீர் வரும் வீட்டிலோ சமையலறைச் சிங்க்குக்கோ இன்ஸ்டன்டே போதும். எங்கள் சிங்க்குக்கு அதையேதான் மாட்டியிருக்கிறோம், புதுக் காயிலோடு.

அப்புறம் ஒன்று. வாங்கிய வாரமே பாதுகாப்பு வால்வு சொட்ட ஆரம்பித்தது. ரிப்பேர் இல்லை: 25 லிட்டர் தண்ணீர் 26-லிருந்து 50-க்குப் போகும்போது 220 மில்லி விரிகிறது, ஒரு டம்ளர். திரும்பப் போக வழியில்லாமல் வால்வு வழியாக வெளியே வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் எம்சீல் வைத்து அடைக்கச் சொன்னார். அடைத்தால் அழுத்தம் டாங்கின் மேல் ஏறும், அதைத் தொடவே கூடாது. கீழே ஒரு மக் வைத்திருக்கிறோம்.